கொஞ்சம் தடித்த பிரைமர்

பத்ரிநாத்துக்கு மாற்றம் ஒத்துக்கொள்ளாது.

துப்பாக்கி சுடும் போட்டி நெருங்கினால் இன்னும் மோசம். பதினைந்து நாள் முன்பிருந்தே வீட்டில் ஒரு நாற்காலி நகரக் கூடாது. காலையில் இரண்டு இட்லிதான். மூன்றாவதைத் தட்டில் வைத்தால் பாம்பைப் பார்த்ததுபோலப் பின்வாங்குவார். தொம்மலூரிலிருந்து எலஹங்கா தாண்டியுள்ள சுடுதளத்துக்கு எல்லா வருஷமும் ஒரே வழியில்தான் கார் போகும், அந்த வழியைத் தோண்டிப் போட்டிருந்தாலும் சரி.

ஆள் பல் டாக்டர். இந்திராநகரில் கிளினிக். இருபது வருஷமாகப் பிறர் வாய்க்குள் ஊசியோடு போய்வரும் கை ஒரு நாளும் நடுங்கியதில்லை. இருபத்தைந்து மீட்டர் தள்ளி ஒரு காகிதத்தை மாட்டினால் நடுங்கும்.

"காகிதத்துக்கு மயக்க ஊசி போட முடியாதே, அதான்" என்பாள் ஸ்ரீலக்ஷ்மி.

அவள் அவருடைய மனைவி. அவருடைய தோட்டாக்களைச் செய்கிறவளும் அவள்தான்.

இதைக் கேட்டவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு அவள் நெற்றியில் இருக்கும் ஸ்ரீசூர்ணத்தைப் பார்த்துவிட்டு மறுபடி சிரிப்பார்கள். விஷயம் அவ்வளவு விசேஷமானதல்ல. .32 பிஸ்டலுக்கான நல்ல தோட்டா வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை வரும், கொஞ்சம் வரும். அதனால் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி எடுத்துச் சுத்தம் செய்து, அடியில் புதுப் பிரைமர் பதித்து, வெடிமருந்தை அளந்து போட்டு, மேலே ஈயக் குண்டை வைத்து அழுத்தினால் மறுபடி தோட்டா. போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்கு இரண்டு வருஷம் நடந்து, இருவர் பெயரிலும் அனுமதி வாங்கியிருந்தார்கள். முதலில் அவர்தான் செய்துபார்த்தார். மருந்து அளக்கும்போது பேசுவார். பேச்சில் ஒரு தோட்டாவை மறந்துவிடுவார். நான்காவது ஞாயிற்றுக்கிழமை அவள் அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறு வருஷமாக அது அவள் நாற்காலி.

ஞாயிறு காலை ஆறிலிருந்து எட்டு வரை. பின்னறை. மேஜையில் பொருத்திய கையழுத்தியின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் அவர். அவர் கூடு துடைப்பார், அவள் தோட்டா செய்வாள். அவள் அளக்கும்போது அவர் பேசக் கூடாது. அளக்காதபோது அவர் பேசுவதை அவள் கேட்பாள். வாரத்தின் மற்ற நாட்களில் இருவரும் பேசிக்கொள்வது சிலிண்டர் தீர்ந்ததையும் தண்ணீர் வராததையும் பற்றித்தான்.

1998ஆம் வருஷம் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கூட்டைத் துடைத்தபடியே சொன்னார்.

"இந்தத் தடவை ஸ்டேட் டீம்ல வரலேன்னா விட்டுடப் போறேன், ஸ்ரீ."

"போன தடவையும் விட்டுட்டேள்."

"இது நிஜம். டிசம்பரோட லைசென்ஸ் முடியறது. புதுப்பிக்கப் போறதில்லை. மைசூர்ல ஒருத்தர் துப்பாக்கியைக் கேட்டுண்டிருக்கார்."

மைசூர்க்காரர் புதிது. ஆறு வருஷமாக விட்டுவிடும் ஒருவர் வாங்குகிறவனோடு வந்து நிற்பது இதுதான் முதல் தடவை. அவள் அழுத்தியின் கைப்பிடியைக் கீழே இறக்கினாள். மேலே ஏற்றினாள்.

"விட்டுட்டு ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவேள்?"

"லால்பாக்ல நடக்கலாம். எல்லாரும் நடக்கறா."

அவள் அடுத்த கூட்டை அழுத்தியில் வைத்தாள். துப்பாக்கி போனால் கையழுத்தி போகும். கையழுத்தி போனால் அந்த இரண்டு மணி நேரம் போகும். லால்பாக்கில் அவர் வேகமாக நடப்பார், அவள் பின்னால் வருவாள், இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். இதை அவரிடம் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் அவர் டீமில் வந்தாக வேண்டும் என்று முடிவு செய்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரைமர் தீரும் நிலைக்கு வந்தது.

பிரைமர் என்பது பயறு அளவு உலோகக் கிண்ணம். தோட்டாவின் அடியில் உட்கார்ந்திருக்கும். துப்பாக்கியின் முள் அதன் முதுகில் அடித்தால் உள்ளே பொறி பறக்கும், மருந்து பற்றும், குண்டு போகும். போட்டி அன்றைக்கு எழுபது தோட்டா வேண்டும், கைக்காவலுக்குப் பத்து. அவளிடம் இருந்தது முப்பது பிரைமர்.

கிளப்பில் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர் டென்சில். ஏதோ ஒரு டூல் ரூமில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆண், பெண், போலீஸ் டிஐஜி எல்லாரையும் மேன் என்றுதான் கூப்பிடுவார்.

"பிஸ்டல் பிரைமர் இல்லை மேன்" என்றார். "டில்லிக்குப் போன் போட்டேன். அடுத்த மாசம் வரும்ன்றான். போன மாசமும் அதான் சொன்னான்."

"வேற என்ன இருக்கு?"

"ரைஃபிள் பிரைமர் இருக்கு. சின்ன ஸைஸ். அளவு ஒண்ணுதான், ஜம்முனு உக்காரும். தோல் மட்டும் கொஞ்சம் தடிப்பு. பலமா அடிக்கணும். நெருப்பும் ஒரு சிட்டிகை ஜாஸ்தி. மருந்தைக் குறைச்சு ஆரம்பி, புக்கைப் பாரு."

"அவர் துப்பாக்கி பலமா அடிக்குமா?"

"பத்ரியோடதா? கழுதை மாதிரி உதைக்கும்."

அவள் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினாள்.

"அவர்கிட்ட சொல்லாதீங்கோ."

டென்சில் நெஞ்சில் கை வைத்தார். "நான் ஜென்டில்மேன்."

சொல்லக் கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷம் முன்பு, போட்டி அன்று காலையில், இந்தக் குண்டுகள் வேறு அச்சில் வார்த்தவை என்று அவள் யதார்த்தமாகச் சொன்னாள். அன்றைக்கு அவருக்கு முப்பது புள்ளி சரிந்தது. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தால், அவள்தான் தப்பாகச் சொல்லியிருந்தாள். அவை பழைய அச்சுக் குண்டுகளேதான்.

ஆனாலும் அவளுக்கு உறுத்தியது. பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியில் அவள் தரக்கட்டுப்பாட்டுக்குத் தலைவி. மாத்திரையில் சேரும் மாவை வேறு ஒருவரிடம் வாங்கினால்கூட மூன்று கையெழுத்து வேண்டும். மாதம் ஒரு முறை புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுப்பாள். முதல் வாக்கியமே, ஒரே சமயத்தில் இரண்டை மாற்றாதே. ஒன்றை மாற்று, சோதித்துப் பார், பிறகு அடுத்ததுக்குப் போ.

நான் ஒன்றைத்தான் மாற்றுகிறேன் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

மூன்று மாலை புத்தகத்தைப் படித்தாள். மருந்தைக் குறைத்தாள். அவர் கோலாருக்கு இலவசப் பல் முகாமுக்குப் போன சனிக்கிழமை, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சுடுதளத்துக்குப் போனாள். கல்லூரியில் என்.சி.சி.யில் அவள் ரைஃபிள் சுட்டவள், கோப்பை வாங்கியவள். கோப்பை பரணில் இருக்கிறது. அவர் கண்ணில் படும்படி வைப்பது நன்றாக இருக்காது என்று அவளே வைத்தாள். இருபது தோட்டா சுட்டாள். இருபதும் வெடித்தன. கூடுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, கிளினிக்கின் பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு பிரைமரின் முதுகையும் பார்த்தாள். முள் ஆழமாக, நடுவில் அடித்திருந்தது.

எண்பது தோட்டா செய்தாள். மிச்சமிருந்த முப்பது பழைய பிரைமரில் முப்பது செய்து, பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் கொடுத்தாள்.

"எல்லாம் அதேதானே?" என்று கேட்டார்.

"இட்லிகூட அதே ரெண்டுதான்" என்றாள்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. பத்ரிநாத் சுடும் மேடையின் ஐந்தாம் இடத்தில் நின்றார். அவள் பின்னால், கயிற்றுக்கு இந்தப் பக்கம், தொலைநோக்கியோடு உட்கார்ந்தாள். முதல் சுற்று நிதானச் சுற்று. பழக ஐந்து தோட்டா, அவற்றுக்குப் புள்ளி இல்லை; பிறகு ஐந்து ஐந்தாக முப்பது. ஒவ்வொரு ஐந்துக்கும் ஐந்து நிமிஷம்.

முதல் ஐந்தில் நாற்பத்தேழு. அவள் கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். நாற்பத்தேழுதான். இரண்டாவதிலும் நாற்பத்தேழு. மூன்றாவதில் நாற்பத்தெட்டு. இந்த மனுஷருக்கு என்ன ஆச்சு என்று நினைத்தாள். அவர் டிரிகரை இழுக்கும்போது எப்போதும் தோள் ஒரு நூல் அளவு குலுங்கும். இன்று குலுங்கவில்லை. தடித்த பிரைமர் அவருக்கு ஒத்துக்கொண்டுவிட்டது. கம்பெனியில் ஒரு மாத்திரை இப்படி முன்னேறினால் அதை எழுதி வெளியிட்டிருப்பாள்.

நான்காவது ஐந்தின் மூன்றாம் தோட்டா.

வெடிச் சத்தம் வரவில்லை. டிக் என்று ஒரு சின்னச் சத்தம், சுவிட்சை அணைத்ததுபோல.

பத்ரிநாத் அசையவில்லை. துப்பாக்கியை இலக்கை நோக்கியே பிடித்துக்கொண்டு, இடது கையைத் தூக்கினார். சில சமயம் தாமதித்து வெடிக்கும் என்பதால் முப்பது வினாடி அப்படியே நிற்க வேண்டும். ஸ்ரீலக்ஷ்மி அந்த முப்பதையும் எண்ணினாள். பதினெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு நீளமான முப்பதை அவள் எண்ணியதில்லை.

தள அதிகாரி கோவிந்தப்பா வந்தார். தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தார்.

"ஏனும் தப்பில்லை டாக்டரே. முள் பட்டிருக்கு, வெடிக்கலை. இது தோட்டா மிஸ்டேக். ஒந்து தடவை மன்னிப்பு உண்டு. வேற போட்டுச் சுடுங்க."

மிச்சம் எல்லாம் வெடித்தன. முதல் சுற்று முடிவில் இருநூற்று எண்பத்தொன்று. அவர் வாழ்க்கையில் தொடாத எண்.

இரண்டாம் சுற்றுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவைதான் மன்னிப்பு. அதே சுற்றில் இரண்டாவது தடவை டிக் என்றால் அந்தத் தோட்டாவுக்குப் பூஜ்யம். ஒரு பூஜ்யம் விழுந்தால் டீம் கிடையாது. லால்பாக்.

ஸ்ரீலக்ஷ்மி கோவிந்தப்பாவின் மேஜைக்குப் போனாள். வெடிக்காத தோட்டா ஒரு தகர டப்பாவில் கிடந்தது.

"ஒரு தடவை பார்க்கலாமா?"

"பாருங்க மேடம். முட்டபேடி, தொட மட்டும் கூடாது."

அவள் குனிந்தாள். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. பிரைமரின் முதுகில் இருந்தது குழி இல்லை. பென்சில் முனையால் தொட்டுவிட்டு, மன்னிக்கணும் என்று எடுத்துக்கொண்டதுபோல ஒரு புள்ளி. சனிக்கிழமை அவள் பார்த்த இருபதும் இப்படி இல்லை. பிரைமர் அதேதான். அப்படியானால் அடித்த கை மாறியிருக்கிறது.

டென்சில் கேன்டீன் பெஞ்சில் முட்டைப் பஃப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் வருவதைப் பார்த்ததும் பஃபைக் கீழே வைத்துவிட்டார்.

"அவர் துப்பாக்கியை எப்போ தொட்டேள்?"

"நான் ஜென்டில்மேன்."

"எப்போ, டென்சில்?"

"வியாழக்கிழமை" என்றார். "முள்ளைத் தள்ற ஸ்பிரிங்கை மாத்தி இளக்கமா ஒண்ணு போடுன்னான். டிரிகர் வெண்ணெய் மாதிரி இருக்கணுமாம். போட்டிக்கு முன்னாடி துப்பாக்கில கை வெக்காதேன்னு நீ சொல்லிருக்கியாமே. அதனால உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னான்."

"நான் ரைஃபிள் பிரைமர் போட்டிருக்கேன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தடிச்ச பிரைமர். இளக்கின ஸ்பிரிங். ரெண்டையும் சேர்த்து யோசிக்கலையா?"

"யோசிச்சேன் மேன். வெள்ளிக்கிழமை ஷேவ் பண்றப்போ தோணிச்சு. பாதி மூஞ்சியோட உக்காந்துட்டேன். உன் வாக்கை உடைக்கிறதா, அவன் வாக்கை உடைக்கிறதா? ரெண்டு நாளா சாப்பாடு இறங்கலை."

அவள் பஃபைப் பார்த்தாள்.

"இது ரெண்டாவது" என்று டென்சில் ஒப்புக்கொண்டார்.

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். முப்பத்தைந்துக்கு ஒன்று வெடிக்காமல் நின்றிருக்கிறது. அடுத்த முப்பத்தைந்தில் இரண்டு நிற்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. நாலில் ஒரு பங்கு கெட்டுப்போகும் என்றால் அவள் கம்பெனியில் அந்தச் சரக்கு கேட்டைத் தாண்டாது.

"பழைய ஸ்பிரிங் எங்கே?"

டென்சில் சட்டைப் பையைத் தட்டினார். "அதை நெஞ்சுமேலயே வெச்சுக்கிட்டுத் திரியறேன்."

பத்ரிநாத் வேப்பமரத்தடியில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு பளபளப்பு. பெண் பார்த்துவிட்டு வந்த அன்றுகூட அவர் இப்படி இருந்ததில்லை.

அவரிடம் என்ன சொல்வது என்று வரும் வழியில் அவள் யோசித்திருந்தாள். ஸ்பிரிங்கைப் பற்றி மட்டும் கேட்டால் போதும். அவர் மாட்டிக்கொள்வார். பழையதைப் போட்டுவிடுவார். தோட்டா வெடிக்கும். பிரைமர் விஷயம் அவளோடு இருந்துவிடும். அவருடைய ஸ்பிரிங்கை வைத்து அவள் பத்து வருஷம் ஓட்டலாம்.

"ஏன்னா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லாதே. சாயங்காலம் சொல்லு."

"வியாழக்கிழமை டென்சில்கிட்ட எதுக்குப் போனேள்?"

கண்ணாடி துடைப்பது நின்றது.

"அவன் சொன்னானா?"

"தோட்டா சொல்லித்து."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கழற்றினார். மறுபடி துடைத்தார். "நீ வேண்டாம்னு சொல்லுவே. அதான் சொல்லலை. ஆனா பார்த்தியோ, எண்பத்தொண்ணு. டிரிகர் தானா போறது ஸ்ரீ, நான் நினைச்சா போதும்."

"பழைய ஸ்பிரிங்கைப் போட்டுடுங்கோ."

"எதுக்கு? ஒரு மக்கு பிரைமர். ஆயிரத்துல ஒண்ணு அப்படி வரும். வந்தாச்சு. இனிமே வராது."

"ஸ்பிரிங் போறலை."

"போறும். நீ பயிற்சிக்குக் குடுத்தியே முப்பது, ஸ்பிரிங் மாத்தினப்புறம் அத்தனையும் சுட்டுப் பார்த்தேன். ஒண்ணு நிக்கலை. நானும் சோதிச்சுட்டுத்தான் வந்திருக்கேன், அம்மா. நீ மட்டும்தான் விஞ்ஞானியா?"

அவர் ஜெயித்தவர்போலப் பார்த்தார். அவள் வேப்பமரத்தைப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். அரை மணி இருந்தது.

"அந்த முப்பதும் பிஸ்டல் பிரைமர்" என்றாள்.

"ஆமாம்."

"இன்னிக்கு இருக்கறது ரைஃபிள் பிரைமர். தோல் தடிச்சது. பழைய ஸ்பிரிங்ல நான் சுட்டுப் பார்த்தேன், இருபதும் போச்சு. புது ஸ்பிரிங் இருக்கறது எனக்குத் தெரியாது."

அவர் அவளை வெகு நேரம் பார்த்தார். ஒரு கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல, எங்கே ஆரம்பிப்பது என்று.

"எண்பதும்?"

"எண்பதும்."

"எல்லாம் அதேதானேன்னு கேட்டேன்."

"இட்லி அதேதான்னு சொன்னேன். அது நிஜம்."

"கம்பெனியில ஒரு சாமானை மாத்தணும்னா எத்தனை கையெழுத்து?"

"மூணு."

"ஆத்துல?"

"ஆத்துல மூணும் நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. வலது கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்துப் பார்த்தார். அவளும் பார்த்தாள். நுனிகள் நடுங்கின. முப்பது புள்ளி அங்கேயே உதிர ஆரம்பித்துவிட்டது. சொல்லாமல் இருந்திருந்தால் நாலில் மூன்று பங்கு தப்பித்திருப்பார். சொன்னதால் நாலும் போய்விடுமோ என்று தோன்றியது.

"பழசைப் போட்டா டிரிகர் கல்லு மாதிரி இருக்கும்" என்றார்.

"ஆறு வருஷமா அந்தக் கல்லைத்தான் இழுத்தேள்."

"மூணு நாள்ல மறந்து போச்சு. நல்லதுக்குப் பழகிட்டா அப்படித்தான்." கையை மடக்கிக்கொண்டார். "மாத்தலேன்னா?"

"ரெண்டு நிக்க நாலில் ஒரு பங்கு."

"கணக்கும் போட்டுண்டுதான் வந்திருக்கே."

"வழியில போட்டேன்."

அவர் எழுந்தார். நாற்காலியை மடக்கினார். "பல்லைப் பிடுங்கணுமா வேண்டாமான்னு என்கிட்ட கேக்க வரவா எல்லாம், வீட்டுலயே முடிவு பண்ணிண்டுதான் வருவா. நான் சும்மா ஆமாம்னு சொல்லணும், அவ்வளவுதான். டென்சில் எங்கே?"

டென்சிலுக்கு எட்டு நிமிஷம் பிடித்தது. அதில் மூன்று நிமிஷம் மன்னிப்புக் கேட்டார், இருவரிடமும் தனித்தனியாக.

ஸ்பிரிங்கை மாற்றினால் துப்பாக்கியை மறுபடி சோதனைக்குக் கொடுக்க வேண்டும். கோவிந்தப்பா டிரிகரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டார். கல் மேலே வந்தது, டிரிகர் நகரவில்லை; துப்பாக்கி தேறியது. பதிவேட்டைத் திறந்தார்.

"நடுவுல மாத்தினா காரணம் எழுதணும் சார். ரூலு. ஏனந்த பரீலி, என்னன்னு எழுதட்டும்?"

பத்ரிநாத் மனைவியைப் பார்த்தார். மனைவி டென்சிலைப் பார்த்தாள்.

"குடும்பக் காரணம்னு எழுது மேன்" என்றார் டென்சில்.

கோவிந்தப்பா தலையை ஆட்டிவிட்டுக் கன்னடத்தில் அப்படியே எழுதினார். எழுதி முடித்து டாக்டரை இரக்கத்தோடு பார்த்தார்.

இரண்டாம் சுற்றில் இலக்கு பக்கவாட்டில் திரும்பி நிற்கும். ஏழு வினாடி எதுவும் தெரியாது. பிறகு மூன்று வினாடி முகத்தைக் காட்டும். அதற்குள் கையைத் தூக்கி ஒரு தோட்டா. இப்படி முப்பது தடவை. அதற்கு முன்னால் பழக ஐந்து.

ஸ்ரீலக்ஷ்மி தொலைநோக்கியைத் தொடவில்லை. எங்கே படுகிறது என்பது அவர் வேலை. வெடிக்கிறதா என்பது அவள் வேலை. அவள் காதால் மட்டும் எண்ணினாள். பக்கத்து இடங்களிலும் சுடுகிறார்கள். ஆனால் கழுதை உதைப்பதுபோல ஒரு சத்தம் அவளுக்குத் தெரியும். ஒன்று. இலக்கு திரும்பியது. இரண்டு. பத்தாவதில் அவர் தாமதமாகச் சுட்டார், இலக்கு திரும்பும் கடைசி நொடியில். அவர் தோள் குலுங்கியது. பதினொன்று, பன்னிரண்டு. கல்லை இழுக்கிறார். பதினேழாவதில் குலுங்கல் நின்றது. அதன் பிறகு அவர் யாருடைய முகத்தையோ நினைத்துக்கொண்டு சுடுகிறவர்போல, விட்டேனா பார் என்று சுட்டார். அது தன் முகமாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பரவாயில்லை என்று இருந்தது.

முப்பத்தைந்து. எல்லாம் வெடித்தன.

"எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டு டென்சில் வந்தார்.

"முப்பத்தஞ்சுக்கு முப்பத்தஞ்சு."

"ஸ்கோர் மேன்."

அவள் பார்க்கவில்லை. டென்சில் அவள் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, உதட்டை அசைத்துக் கூட்டினார். இருநூற்று எழுபத்துநாலு. மொத்தம் ஐந்நூற்று ஐம்பத்தைந்து.

பலகையில் பெயர்கள் ஏறப் பிற்பகல் ஆனது. முதலில் ஒரு ராணுவக்காரர். இரண்டாவது ஒரு கல்லூரி மாணவர். மூன்றாவது மைசூர் சாலைப் போலீஸ் குடியிருப்பிலிருந்து வந்த கான்ஸ்டபிள், ஐந்நூற்று ஐம்பத்தேழு. நான்காவது பத்ரிநாத். டீமுக்கு மூன்று பேர். நான்காவது ஆள் ரிசர்வ்.

இரண்டு புள்ளி. அவள் பலகை முன்னால் நின்றாள். வெண்ணெய் டிரிகராக இருந்திருந்தால் அந்த இரண்டு வந்திருக்கும். வந்திருக்கலாம். நாலில் மூன்று பங்கு.

திரும்பும்போது கார் அதே வழியில் போனது. ஹெப்பாள் சிக்னலில் நின்றது.

"ரிசர்வ்" என்றார்.

"ம்."

"மூணு பேர்ல ஒருத்தனுக்கு ஜுரம் வந்தாத்தான் நான் சுட முடியும்."

"வேண்டிக்கட்டுமா?"

"சும்மா இரு. கான்ஸ்டபிள் நல்ல பையன்." கொஞ்ச தூரம் ஓட்டினார். "ஆனா ரிசர்வும் துப்பாக்கியோட போகணும். எல்லா நாளும் ரெடியா நிக்கணும். சும்மா வேடிக்கை பார்க்க முடியாது."

அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி கேட்டாள். "அப்போ லைசென்ஸ்?"

"லைசென்ஸ் இல்லாம துப்பாக்கியை எப்படி எடுத்துண்டு போறது? நாளைக்கே ஃபாரம் வாங்கணும்."

"மைசூர்க்காரர்?"

"யாரு?" என்றார். பிறகு, "ஓ, அவரா. அவருக்கு வேற கிடைக்கும்."

அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் சிரிப்பது தெரிந்துவிடும்.

"வர ஞாயித்துக்கிழமையிலேர்ந்து ஆரம்பிக்கணும், ஸ்ரீ. இருநூறு தோட்டாவாவது வேணும்."

"எந்த பிரைமர்ல?"

அவர் யோசித்தார். முன்னால் போன ஆட்டோவை முந்தாமல், அதன் பின்னாலேயே மெதுவாக ஓட்டினார்.

"எது போட்டாலும் என்கிட்ட சொல்லிடு" என்றார். "இனிமே ஒண்ணையும் மறைக்கப்டாது. நானும் மறைக்க மாட்டேன்."

"சரி."

ஆட்டோ இடது பக்கம் திரும்பியது. பாதை காலியானது. அவர் வேகம் கூட்டவில்லை.

"போட்டி முடிஞ்சப்புறம் சொல்லு" என்றார்.